ஜனாதிபதி அநுர வந்து ஒரு வருடம்: எதை இப்போதே கேட்கலாம், எதற்குப் பொறுக்க வேண்டும்?

கொடிகாமம்_குணா

எல்லாருக்கும் வணக்கம். நான் கொடிகாமத்தில் ஒரு சின்ன கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி அடிப்பது, ரீலோட் போடுவது, கறண்ட் பில் கட்டிக் கொடுப்பது, படிவம் நிரப்புவது, இதுதான் தொழில். அதனால் ஊரில் யாருக்கு என்ன குறை என்பது முதலில் என் மேசைக்குத்தான் வரும்.

போன வருடம், 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்கு விழுந்தது ஏறத்தாழ 27,000 வாக்கு. எங்கள் வீட்டில் இருந்து அதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு மாதம் ஆகவில்லை, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்தி, அதாவது திசைகாட்டிச் சின்னம், 80,000 தாண்டி, ஆறு ஆசனத்தில் மூன்றை எடுத்தது. தெற்கில் இருந்து வந்த ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வந்தது என்று கொழும்புப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அந்த 80,000 பேரில் நானும் மனைவியும் இருக்கிறோம். அப்பா வழக்கம்போல தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத்தான் போட்டார்.

நாங்கள் மாறிப் போட்டதற்குக் காரணம் இருந்தது. ஜனாதிபதியாக வந்த ஆறு கிழமைக்குள், நவம்பர் 1ஆம் திகதி, வசாவிளான் பக்கம் பலாலி வீதியை ஆமி திறந்துவிட்டது. 34 வருடம் மூடிக்கிடந்த வீதி. நேரக் கட்டுப்பாட்டோடுதான் திறந்தார்கள், இருந்தாலும் திறந்தார்கள். முந்தின ஆட்கள் காலத்தில் மனுக் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப் போன ஒரு விஷயம், ஒரு உத்தரவில் நடந்தது. இந்த மனிதர் நினைத்தால் செய்வார் என்று அன்றைக்கு நினைத்தோம். அந்த நினைப்புத்தான் இப்போது எங்களைப் படுத்துகிற பாடு.

வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு அம்மா வருவார். பிரதேச செயலகத்துக்கு மேன்முறையீடு எழுதுவோம் அம்மா என்றால் கேட்கமாட்டார். “அவர் கஷ்டப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை தம்பி, அவருக்கே நேரே எழுது” என்பார். பட்டம் முடித்து வேலை இல்லாமல் இருக்கிற பெடியன் ஒருவன், புது அரசாங்கம் வந்தால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள் என்று சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொப்பி எடுத்து அடுக்கி வைத்திருக்கிறான். இன்னொரு ஐயா 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து இங்கே தங்கிவிட்டவர். இந்த மார்ச் மாதம் வடக்கில் சுமார் 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்ததே, அப்போது பயந்து அடித்துக்கொண்டு தன் காணி உறுதியைக் கொண்டு வந்தார். அவருடைய காணி அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. மடிப்பில் கிழிந்த உறுதி. தட்டில் வைக்கும்போது என் கை நடுங்கியது. எதிர்ப்பு வந்த பிறகு அரசாங்கம் அந்த வர்த்தமானியை விலக்கிக்கொண்டது, உண்மைதான். ஆனால் எங்கள் காணியைத் திருப்பித் தரப்போகிறார் என்று நம்பியவருக்கு, இருக்கிற உறுதியும் செல்லுமா என்ற பயத்தை அந்த மூன்று மாதம் கொடுத்துவிட்டது.

கடையில் தினமும் இரண்டு கட்சி. ஒரு பக்கம், “76 வருடத்துக் குப்பையை ஒரு வருடத்தில் கூட்டலாமா, பொறுங்கோ” என்கிறது. மற்றப் பக்கம், “எல்லாரும் ஒன்றுதான், நாங்கள்தான் ஏமாந்தோம்” என்கிறது. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இந்த மனிதர் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் நன்றாகச் செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். அதனால்தான் கேட்கிறேன்: எதை நாங்கள் இப்போதே அழுத்திக் கேட்கலாம், எதற்குப் பொறுத்திருப்பது நியாயம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிக்காரர் சண்டை பிடிக்க வேறு இடம் இருக்கிறது.


ஓய்வுபெற்ற_சரித்திர_வாத்தியார்

தம்பி குணா, நல்ல கேள்வி. 1994ஐப் பார்க்காத வயதாக இருப்பீர்கள், ஆனபடியால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1994 ஓகஸ்டில் 17 வருட ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்து சந்திரிகா குமாரதுங்க பிரதமரானார். நவம்பரில் 62 வீத வாக்கோடு ஜனாதிபதியானார். சமாதானம் கொண்டு வருவேன் என்றார். யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. தடை செய்த பொருட்களில் ஒரு பகுதிக்குத் தடையை எடுத்தார். ஒக்டோபரில் புலிகளோடு பேச அரசாங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழு ஹெலிகொப்டரில் வந்து இறங்கியபோது பார்க்கத் திரண்ட சனத்தை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கடைகளில் ‘சந்திரிகா காப்பு’ என்றே காப்பு விற்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கையில் அதைப் பார்த்திருக்கிறேன். 1995 ஏப்ரல் 19இல் திருகோணமலையில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டதோடு போர்நிறுத்தம் முடிந்தது. அந்த ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி உங்கள் தென்மராட்சிக்கு வந்தது. நானும் அந்தச் சனத்தோடு நாவற்குழிப் பாலம் கடந்தவன்தான்.

இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. போர் இரண்டு பக்கத்தாலும் வந்தது. ஆனால் போரோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வாக்குறுதியும் அவர் கொடுத்தார். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பேன் என்று திகதி குறித்துச் சொன்னார். 2005 வரை அந்தக் கதிரையில்தான் இருந்தார்.

பிறகு 2015. மைத்திரிபால சிறிசேன. 100 நாள் வேலைத்திட்டம், நல்லாட்சி. வடக்கு அள்ளிப் போட்டது. கொஞ்சக் காணி விட்டார்கள், காணாமல் போனோருக்கு அலுவலகம் அமைக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள், புதிய அரசியலமைப்புக்குக் குழு மேல் குழு போட்டார்கள். 2018 ஒக்டோபரில் ஜனாதிபதியே பிரதமர் ரணிலைத் தூக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைக் கொண்டு வந்ததோடு எல்லாம் குழம்பியது.

இரண்டு முறையும் எங்கள் பெரியவர்கள் சொன்னது ஒன்றுதான்: இப்போது நெருக்க வேண்டாம், அவர் தெற்கில் பலமாகட்டும், பிறகு கேட்கலாம். நான் படித்த சரித்திரம் அதற்கு நேர் எதிராக இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு தலைவர் பதவிக்கு வருகிற நாளில்தான் ஆகப் பலமாக இருக்கிறார். பிறகு ஒவ்வொரு மாதமும் கரைகிறது. இவரையே பாருங்கள். போன நவம்பரில் கட்சிக்கு 61 வீதம். இந்த மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் ஏறத்தாழ 43 வீதம். எங்கள் பக்கத்தில் தமிழரசுக் கட்சி மேலே வந்துவிட்டது. அடுத்த தேர்தல் கிட்ட வர வர, தெற்கில் வாக்குக் குறையுமோ என்ற பயம் கூடும். தமிழருக்குக் கொடுக்கிறார் என்று எவராவது மேடையில் கத்தினால் அவருக்கு அது இப்போதைவிட அப்போது கூடச் சுடும்.

ஆகவே தம்பி, கேட்க வேண்டியதை முதல் இரண்டு வருடத்துக்குள் கேளுங்கள். பொறுமை என்ற பெயரில் நாங்கள் விட்டுக்கொடுத்த காலம் எல்லாம் எவருக்கும் உதவவில்லை, அந்தத் தலைவர்களுக்கும் உதவவில்லை.


வெள்ளவத்தை_கணக்காளர்

வாத்தியார் ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. குணா அண்ணை கேட்ட ‘எதை இப்போதே, எதற்குப் பொறுத்து’ என்பதற்கு நான் பதில் சொல்லப் பார்க்கிறேன். கணக்குத்தான் என் தொழில், அரச வரவு செலவை வருடா வருடம் வாசிக்கிற பழக்கம் உண்டு.

நான் வாக்குறுதிகளை இரண்டு குவியலாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். காசு வேண்டியது ஒன்று. காசு வேண்டாதது மற்றது.

முதல் குவியலில் அவருடைய கை கட்டித்தான் இருக்கிறது, கட்டியது அவர் இல்லை. 2019 கடைசியில் கோட்டாபய அரசாங்கம் வற் வரியை 15இல் இருந்து 8 வீதத்துக்கு இறக்கியது. சனத்துக்கு வாக்களித்ததை உடனே கொடுத்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். திறைசேரி காலியானது. கொரோனா வந்தது, இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதம் வரை போனது. 52 வீத வாக்கோடு வந்து, அடுத்த வருடமே 145 ஆசனம் எடுத்தவர், மூன்று வருடம் முடிவதற்கு முதல் விமானம் ஏறி ஓடினார்.

அநுர வந்து உட்கார்ந்தது அந்தச் சாம்பலில். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் நான்கு வருடத்துக்குச் செய்த, ஏறத்தாழ 300 கோடி டொலர் உடன்படிக்கை நடுவில் நிற்கிறது. வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் அரசாங்கம் இந்த வருடத்தில் இருந்து மொத்த உற்பத்தியில் 2.3 வீதம் மிச்சம் பிடித்தாக வேண்டும். வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது. தேர்தலில் அந்த உடன்படிக்கையைத் திரும்பப் பேசுவேன் என்றார். வந்த பிறகு பெரிதாக மாற்றாமல் கொண்டு போகிறார். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. குழப்பியிருந்தால் மறுபடியும் பெற்றோல் வரிசையில் நின்றிருப்போம். ஆனால் தான் ஏன் மாறினார் என்பதை அவர் இன்னும் விரிவாக, தமிழிலும் சிங்களத்திலும், சனத்துக்கு விளங்கும்படி சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் “எல்லாரும் ஒன்றுதான்” என்ற கதை வளர்கிறது.

கறண்ட் பில்லைப் பாருங்கள், உங்கள் கடையிலேயே தெரிந்திருக்கும். ஜனவரியில் 20 வீதம் குறைந்தது. நாணய நிதியம் செலவுக்குத் தக்க கட்டணம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஜூனில் 15 வீதம் ஏறியது. அரிசியும் அப்படித்தான். போன டிசம்பரில் நாட்டரிசி கிலோ 230 ரூபாய் என்று விலை குறித்து வர்த்தமானி போட்டார்கள். விலை குறித்தால் நெல் எங்கிருந்து வரும்? நெல் பெரிய ஆலைக்காரரின் களஞ்சியத்தில் இருந்தது. சில கிழமைகள் கடையில் அரிசியே இல்லை. இந்த வருடத் தொடக்கத்தில் தேங்காய் 200 ரூபாய் தாண்டியதற்கு விளைச்சல் குறைவு காரணம், அதற்கு எந்த ஜனாதிபதியும் உத்தரவு போட முடியாது.

செய்ததும் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து 40,000 ரூபாவுக்கு, கட்டம் கட்டமாக, உயர்த்துகிறார்கள். மாதம் 150,000 வரை உழைப்பவருக்கு வருமான வரி இல்லை. முன்பு அந்த எல்லை 100,000. உங்கள் பட்டதாரித் தம்பியின் வேலை இந்தக் குவியலில்தான் வருகிறது. அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள் அண்ணை. அரச வேலைக்கு ஒரேயடியாக ஆள் எடுக்கிற நிலையில் எந்தத் திறைசேரியும் இப்போது இல்லை. காத்திருக்கிற காலத்தில் வேறு ஏதாவது கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாவது குவியலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டு வந்தது. அதை நீக்குவோம் என்று தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனத்தில் இருக்கிறது. நீக்க ஒரு டொலரும் தேவையில்லை. 225இல் 159 ஆசனம் இருக்கிறது, மூன்றில் இரண்டுக்கு 150 போதும். குழு போட்டார்கள், வரைவு வருகிறது என்கிறார்கள், ஒரு வருடம் போய்விட்டது, சட்டம் இன்னும் இருக்கிறது, அதில் ஆட்களைப் பிடித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

காணியும் அதுதான். ஆமி வைத்திருக்கிற காணியை விட நாணய நிதியத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்து வேண்டும். பாதுகாப்பு அமைச்சர் யார்? ஜனாதிபதியேதான். நிதி அமைச்சும் அவரிடம்தான் இருக்கிறது. மைத்திரிக்கு ரணில் தடை, ரணிலுக்கு ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சி தடை என்று அப்போது ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. இவருக்கு அப்படி ஒருவரும் இல்லை. வசாவிளான் வீதி திறந்ததை நீங்கள் எழுதினீர்கள். அந்த வீதியே எனக்குச் சாட்சி: நினைத்தால் ஆறு கிழமையில் முடியும்.

யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியும் இருக்கிறது. சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்துவிட்டன, குழந்தைகளுடையதும் அதில் இருக்கிறது. அகழ்வுக்கும் ஆய்வுக்கும் கொஞ்சம் காசு வேண்டும்தான். ஆனால் அதற்கு முக்கியமாக வேண்டியது, முடிவு எங்கே போனாலும் நாங்கள் தடுக்கமாட்டோம் என்ற அரசியல் துணிவு. தானே ஆயிரக்கணக்கான தோழர்களை 1987 முதல் 89 வரையான காலத்தில் காணாமல் போகக் கொடுத்த ஜே.வி.பி.யின் தலைவர் இவர். காணாமல் போனவரைத் தேடுகிற தாயின் வேதனை அந்தக் கட்சிக்குப் புதிது இல்லை. அதனால் இவரிடம் மற்றவர்களிடம் கேட்டதைவிடக் கூடக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்ணை, சுருக்கமாக என் கணக்கு: விலைவாசிக்கு அவருக்கு 2027 வரை தவணை கொடுப்பேன். சட்டத்துக்கும் காணிக்கும் தவணை முடிந்துவிட்டது.


இராமேஸ்வரம்_கடலோரம்

உங்கள் பேச்சில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கணும். நான் அக்கரை. ஆனாலும் உங்கள் ஜனாதிபதி செப்டம்பர் 1 அன்று கச்சத்தீவில் போய் இறங்கின படம் எங்கள் ஊர் டீக்கடை முழுக்கச் சுற்றியது.

அவர் மேல் எங்கள் பக்கத்துக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது: பிடித்த விசைப்படகைத் திருப்பித் தரணும், ஆட்களை விடணும். உங்கள் வடமராட்சி, மன்னார் மீனவர்கள் எதிர்பார்ப்பது அந்த விசைப்படகே வரக்கூடாது என்பது. மடியை அடியோடு இழுத்துக் கடலை வழித்தால் அவர்கள் வலைக்கு என்ன மிஞ்சும், அது எங்களுக்கும் தெரிகிறது. அப்புறம் கடன் வாங்கிக் கட்டின படகு நாட்டுடைமை ஆனால் எங்கள் வீடு என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் தமிழ் வீடு. ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் இன்னொருவர் வயிறு எரியும். கணக்காளர் சொன்ன இரண்டு குவியலிலும் இது அடங்காது போலிருக்கிறதே.


டிக்கோயா_தோட்டத்தான்

கணக்காளர் அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எங்க கதையும் உங்க குவியல்ல அடங்காது. கொஞ்சம் கேளுங்க.

போன நவம்பர்ல நுவரெலியா மாவட்டத்துல எட்டுல அஞ்சு ஆசனம் திசைகாட்டிக்குப் போனுச்சு. எங்க லயத்துல (தோட்டக் குடியிருப்புல) தாத்தா காலத்துல இருந்து தொழிலாளர் காங்கிரஸோட சேவலுக்குத்தான் போடுவாங்க. இந்தத் தடவை இளசுங்க பேச்சைக் கேட்டுப் பெரியவங்களும் மாறுனாங்க. எதிர்பார்ப்பு ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு நாள் பேருக்கு, அதாவது நாள் சம்பளம், 1,700 ரூபா.

இந்த 1,700 இவரு கண்டுபிடிச்சது இல்ல. 2024 மே தினத்துல ரணில் கொட்டகலைக்கு வந்து மேடையில அறிவிச்சாரு. வர்த்தமானியும் வந்துச்சு. கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிட்டாங்க. கடைசியில அந்த செப்டம்பர்ல 1,350னு முடிஞ்சுச்சு. மேல 350 வேணும்னா கூடுதலாக் கொழுந்து எடுக்கணும். இந்த பெப்ரவரி பட்ஜெட்டுல அநுரவும் 1,700 வாங்கிக் குடுப்போம்னு சொன்னாரு. நான் இதை எழுதுற வரைக்கும் எங்க அம்மாவோட செக்ரோல்ல (சம்பளப் பதிவுல) அது ஏறல. மழை நாள்ல கிலோ குறைஞ்சா அரைப்பேரு (பாதிச் சம்பளம்) போடுற வழக்கமும் அப்படியே இருக்கு.

இப்ப சொல்லுங்க அண்ணே, இது அரசாங்கக் காசா? இல்ல. தோட்டம் 1992ல கம்பெனிகளுக்குக் குடுத்தது. திறைசேரியில இருந்து ஒரு ரூபா போக வேணாம். அப்ப காசு வேணாத வாக்குறுதியா? அதுவும் இல்ல, கம்பெனி குடுக்கணும். நிலமும் அப்படித்தான். எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் தர்றேன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. அரசாங்க நிலம்தான், குத்தகைக்குக் கம்பெனிகிட்ட இருக்கு. அதைத் திருப்பி எடுக்கக் கையெழுத்து மட்டும் போதாது, கம்பெனியோட முட்டிப் பார்க்குற தைரியம் வேணும்.

இடதுசாரின்னு சொல்லிக்கிட்டு வந்தவரு. முதலாளிகிட்ட மோதுவாருன்னு நெனச்சுத்தான் போட்டோம். எங்க அம்மாவுக்கு நாணய நிதியம் தெரியாது, ஆனா ஒரு கிலோ மாவு என்ன விலைன்னு தெரியும். அவங்ககிட்ட 2027 வரைக்கும் தவணை குடுங்கன்னு என்னால சொல்ல முடியாது அண்ணே.


வெள்ளவத்தை_கணக்காளர்

தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். கம்பெனியிடம் இருந்து வாங்கிக் கொடுக்க வேண்டியது வேறு வகை, அதை நான் சேர்க்கவில்லை. சம்பள நிர்ணய சபையில் அரசாங்கம் எந்தப் பக்கம் கையைத் தூக்குகிறது என்பதை வைத்து அதை அளக்கலாம். அதற்கும் 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை. மீனவர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. டெல்லியும் சென்னையும் இல்லாமல் கொழும்பு தனியே தீர்க்கிற விஷயம் அது இல்லை.


கொடிகாமம்_குணா

எல்லாருக்கும் நன்றி. டிக்கோயாத் தம்பி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மலையகத்தில் என்ன எதிர்பார்த்துப் போட்டார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒன்றைச் சேர்க்கிறேன், நியாயத்துக்காக. செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். எங்கள் சனம் இதற்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறி அலைந்தது. இப்போது கடையில் படிவம் நிரப்பிக்கொண்டு மத்தியானத்துக்குள் போய் வருகிறார்கள். இது பெரிய உதவி, அப்பாகூட ஒத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக்குத் திசைகாட்டிக்காக வீடு வீடாக வந்த பெடியன்கள் இப்போது வெளியே தலை காட்டவே தயங்குகிறார்கள். லைட் எரியவில்லை என்றாலும் அவர்களைத்தான் பிடிக்கிறார்கள், அரிசி விலைக்கும் அவர்களைத்தான் பிடிக்கிறார்கள். அவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அடுத்த கிழமை கூட்டம் வைக்கிறார்கள், போகப் போகிறேன். விலைவாசியைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன். பயங்கரவாதத் தடைச் சட்டம், காணி, மாகாண சபைத் தேர்தல், இந்த மூன்றை மட்டும் கேட்பேன். மாகாண சபைத் தேர்தலுக்கு என்னதான் தடை? கேட்டால் “சட்டச் சிக்கல்” என்கிறார்கள். ஐயா, உங்களுக்குத் தெரியுமா?


ஓய்வுபெற்ற_சரித்திர_வாத்தியார்

தெரியும் தம்பி. குறித்துக்கொண்டு போங்கள், கூட்டத்தில் உதவும்.

வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு முறை, 2013 செப்டம்பரில். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சிதான். ஒன்பது மாகாணத்துக்கும் இதே கதி.

2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டு வந்தார்கள். பழைய விகிதாசார முறை போய், தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. தொகுதி வேண்டும் என்றால் எல்லை பிரிக்க வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்டில் அது பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை, கொண்டு வந்த அரசாங்கமே எதிர்த்தது. மீளாய்வுக்கு அனுப்பினார்கள், அது முடிவுக்கு வரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அந்த இடைவெளியில் தேர்தல் கிடக்கிறது.

இதற்கு இரண்டு வழி. எல்லை நிர்ணயத்தை முதலில் இருந்து செய்யலாம், அது வருடக் கணக்கில் இழுக்கும். அல்லது சட்டத்தைத் திருத்தி இந்த ஒரு தடவை பழைய விகிதாசார முறையில் நடத்தலாம். அப்படி ஒரு திருத்தம் தனிநபர் பிரேரணையாக முன்பே எழுதப்பட்டிருக்கிறது. எழுதத் தெரியவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆகவே “எப்போது தேர்தல்?” என்று கேட்காதீர்கள், விரைவில் என்று பதில் வரும். இரண்டு வழியில் எதை எடுத்திருக்கிறீர்கள், திருத்தச் சட்டமூலம் எந்த மாதம் பாராளுமன்றத்துக்கு வரும் என்று கேளுங்கள். பெடியன்களுக்குத் தெரியாவிட்டால் அவர்கள் மூலம் யாழ்ப்பாணத்து மூன்று உறுப்பினர்களிடம் கேட்டுவிடுங்கள், எழுத்தில். மற்றது தம்பி, கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளைச் சனத்துக்கு முன் மட்டந்தட்டிப் பேச விடாதீர்கள். அவர்கள் வீட்டுப் படலைக்கு வந்து வாக்குக் கேட்டவர்கள், நாளைக்கும் எங்கள் படலையில்தான் நிற்கப் போகிறார்கள்.